எல்லோரையும் கேட்டோம்

மாணவர் ஆலோசகர்களுக்கான உங்கள் பயிற்சி வகுப்பில் நல்ல உதாரணமாகக் காட்டப்படும் வேலைகளில் ஒன்று என்னுடையது என்று சமீபத்தில்தான் தெரியவந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர், புக்கிட் பாஞ்சாங்கில் என் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே உள்ள கோப்பிக்கடையில் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சார், அந்த ஃபியூனரல் கேஸ் நீங்க பண்ணதுதானே? எங்களுக்கு ஒரு மதியம் பூரா அதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார். முகத்தில் அத்தனை மரியாதை. பாவம், அவர் வாங்கிக் கொடுத்த கோப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

அந்தப் பாடம், மாணவர் தம் தந்தைக்கான கடமையைச் செய்ய இரு சமயத்தாரும் மனமொத்து வழிவகுத்தார்கள் என்று முடிகிறதாம். வழிவகுத்தோம், அதில் பொய் இல்லை. அந்த வழியில் கடைசியில் யார் நடந்தார்கள் என்பதைத்தான் சேர்க்கவில்லை. அறிக்கை எழுதியபோதே நான் மேலிடத்தில் சொன்னேன். அது குடும்ப விஷயம், நம் எல்லைக்கு வெளியே என்று பதில் வந்தது. எல்லைக்கு வெளியே நடந்ததைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப்போகிறேன். ஆங்கிலத்தில் சொன்னால் இதற்கும் ஒரு அழகான தலைப்பு வைத்து அடுத்த வகுப்பில் போட்டுவிடுவார்கள். அதனால் தமிழில் சொல்கிறேன்.

பையனின் பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன். "எனக்கு ஓகே சார். ஆனா இந்தத் தடவை அம்மாவையும் கேட்டுட்டு எழுதுங்க" என்றான். அம்மாவையும் கேட்டேன். அவர் சொன்னது கடைசியில் வரும்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்துக்குச் சமயம் கிடையாது, மாணவர்களுக்கு உண்டு. இரண்டுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நாம். எவன் எந்தச் சாமியோடு வந்தாலும், சாமியே இல்லாமல் வந்தாலும், உட்கார் என்று சொல்ல வேண்டும். நான் கத்தோலிக்கன். எங்கள் தேவாலயப் பங்கில் பாட்டுக்குழுவிலிருந்து வீடுவீடாகக் கூடும் அன்பிய ஜெபம் வரை ஒன்றையும் விட்டவனில்லை. அலுவலகத்துக்குள் நுழையும்போது மட்டும் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் தள்ளிக்கொள்வேன்.

மாடியில் இருக்கும் அமைதி அறைக்கு விதிகள் எழுதியதும் நான்தான். படம் கூடாது, புகை கூடாது, சத்தம் கூடாது, ஒருவர் கும்பிட்ட வாசனை அடுத்தவருக்கு மிச்சம் இருக்கக் கூடாது. ஒரு மாணவி எட்டிப் பார்த்துவிட்டு, "பல் டாக்டர் ரூம் மாதிரி இருக்கு சார்" என்றாள். நானும் சிரித்தேன். அவள் திரும்ப வரவேயில்லை. அன்றைக்கே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

விக்னேஷ் என்று வைத்துக்கொள்வோம். கணினி படித்துக்கொண்டிருந்தான், இரண்டாம் ஆண்டு. வீடு மார்சிலிங்கில். அப்பா பேருந்து ஓட்டுநர். அம்மாவுக்குப் பாலர் பள்ளியில் சமையல் வேலை. ஒரே பிள்ளை. நல்ல நாள் கெட்ட நாள் எதுவானாலும் கேலாங் சிவன் கோயிலுக்குப் போய் நிற்கிற குடும்பம். இவன் பல்கலைக்கழகத்துக்கு வந்த இடத்தில் கிறிஸ்துவ நண்பர்களோடு பழகி, அவர்களுடைய ஜெபக் கூட்டங்களுக்குப் போய், ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டான். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவனுக்கு அங்கே ஏதோ கிடைத்தது. பேசும்போது முகத்தில் தெரியும்.

வீட்டுக்குத் தெரியாது. சொல்வதா வேண்டாமா என்று கேட்கத்தான் முதலில் என்னிடம் வந்தான்.

"அம்மா தினமும் விபூதி பூசித்தான் அனுப்புவாங்க சார். சின்னதுலேருந்தே அப்படித்தான். நான் கதவுகிட்ட குனிஞ்சு நிப்பேன். அப்புறம் லிஃப்ட்ல இறங்கும்போது டிஷ்யூ எடுத்துத் துடைச்சிடுவேன்."

"கஷ்டமா இருக்கா?"

"பூசும்போது இல்ல சார். துடைக்கும்போதுதான்."

நான் நம் தொழில் வழக்கப்படி எந்தப் பக்கமும் சாயாமல் கேட்டுக்கொண்டேன். அவனும் அவ்வப்போது வருவான், அதையே சொல்வான், போவான். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டப் போகிறான் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொள்வேன். அவன் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் அவனுடைய அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மருத்துவமனையில் ஒன்றும் செய்ய முடியவில்லை. அங்கிருந்து அவன் நேராக என் அறைக்கு வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அப்பாவை மாலைக்குள் புளோக்குக்குக் கொண்டுவருவார்கள், மறுநாள் மண்டாயில் தகனம், எல்லாம் சித்தப்பா பார்த்துக்கொள்கிறார் என்றான். பிறகு கேட்டான்:

"சார், நான் குடம் தூக்கலாமா?"

ஒரே பிள்ளை. அவன் கொள்ளிக்குடம் தூக்கித்தான் அப்பா போக வேண்டும். அந்த வீட்டில் வேறு பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அது வேற்று வழிபாடு, செய்தால் ஆண்டவரை மறுதலித்ததாகிவிடுமோ என்று அவனுக்குப் பயம். செய்யாவிட்டால் அம்மா உயிரோடு செத்துவிடுவார் என்றும் பயம்.

"யாரைப்பா கேட்கறே? என்னையா?"

"எல்லாரையும் சார். எல்லாரும் சரின்னு சொன்னாத்தான் என்னால முடியும்."

அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்கிறான், எனக்கு வேலை செய்யும் உற்சாகம் வந்துவிட்டது. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன், உங்களுக்கும் வரும். இதற்குத்தானே நம்மை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். அவனுக்குக் குடிக்க ஒரு மைலோ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு இரண்டு பேரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஒருவர் அவனுடைய ஜெபக் கூட்டத்தை நடத்தும் பாஸ்டர், தமிழர், இளைஞர். இன்னொருவர் கோயில் தொண்டூழியர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், நம் இந்து மாணவர்களுக்கு எதுவென்றாலும் ஓடி வருபவர். இரண்டு பேரும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். அமைதி அறையில் உட்கார்ந்தோம்.

அந்தக் கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அதைவிட நல்ல கூட்டம் நான் நடத்தியதில்லை.

பாஸ்டர் அவன் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். "குடம் தூக்கறது அப்பாவுக்குப் பிள்ளை செய்யற மரியாதை, பிரதர். அது ஆராதனை இல்ல. மந்திரம் மட்டும் சொல்லாதீங்க, விழுந்து கும்பிடாதீங்க. அது போதும்."

கோயில் பெரியவர் உடனே தலையாட்டினார். "மந்திரத்தைச் சடங்கு செய்யற பண்டாரம் சொல்லிக்குவாரு. தம்பி வாயே திறக்க வேணாம். அப்பாவை நெனைச்சுக்கிட்டு மூணு சுத்து வந்தாப் போதும்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் அப்பா இறந்தபோது எங்கள் வீட்டில் ஊதுபத்தியும் இருந்தது, மாலையும் இருந்தது, பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போனார். கத்தோலிக்கர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அதனால் பாஸ்டர் சம்மதிப்பது ஒன்றுதான் தடை என்று நான் எண்ணியிருந்தேன். தடை நீங்கிவிட்டது.

"இன்னொண்ணு" என்றார் பாஸ்டர். தயங்கித்தான் சொன்னார். "நெத்தியில விபூதி. அது மட்டும் வேணாம். நீ யாருக்குச் சொந்தம்னு சொல்ற அடையாளம் அது."

பெரியவர் கை தன் நெற்றிக்குப் போனது. அவர் நெற்றியிலேயே மூன்று பட்டை இருந்தது. "வெறும் நெத்தியோட குடமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு விக்னேஷைப் பார்த்தார். "சரிப்பா. பிள்ளை தூக்கினாப் போதும். நான் பண்டாரத்துக்கிட்ட சொல்லிடறேன்."

இரண்டு பக்கத்திலும் விட்டுக்கொடுத்தார்கள். பாம்பும் சாகவில்லை, கம்பும் உடையவில்லை. அப்போது விக்னேஷ் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"சார், அம்மா பூச வந்தா?"

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ கவலைப்படாதே" என்றேன்.

அம்மாவிடம் யார் சொல்வது என்று பெரியவர் வெளியே வந்ததும் கேட்டார். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் போய் இந்த நேரத்தில் இதையா பேசுவது என்றேன். பாஸ்டரும் அதையே நினைத்தார். எல்லாம் முடிந்து மனசு ஆறிய பிறகு பையனே பக்குவமாகச் சொல்லிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். அம்மாவின் மேல் உள்ள இரக்கத்தால்தான் அவரிடம் சொல்லவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும், இப்படித்தான் இது நடக்கும். பாஸ்டரும் பெரியவரும் சேர்ந்து கேன்டீனுக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்கள். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். நம் நாட்டில் இதற்குப் பெயர் நல்லிணக்கம், அதை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று பெருமையாக இருந்தது.

மறுநாள் மார்சிலிங்குக்குப் போனேன். வெளியில் நடக்கும் சடங்குகளுக்கு அலுவலகத்தின் சார்பில் நாம் போவதில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு தனி ஆளாகப் போனேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மேசைகளில் பாக்கெட் பானம், கச்சான் கடலை. அப்பாவுடன் பேருந்து ஓட்டிய சீனரும் மலாய்க்காரரும் சீருடையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டரும் வந்திருந்தார், கூடவே ஜெபக் கூட்டப் பிள்ளைகள் சிலர். நண்பனுடைய துக்கத்தில் பங்கெடுக்க வந்த நல்ல பிள்ளைகள். நான் அவர்களோடு தூண் ஓரமாக நின்றுகொண்டேன். பெரியவர் பண்டாரத்தின் பக்கத்தில் இருந்தார். எல்லாம் பேசியபடி நடந்துகொண்டிருந்தது.

விக்னேஷ் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். பண்டாரம் அவனுக்கு விபூதி வைக்காமல் தட்டை நகர்த்தி வைத்தார். குடத்தை எடுத்தார்.

அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அதுவரை அவர் அழுது நான் பார்க்கவில்லை. மகனை நிமிர்ந்து பார்த்தார். "நெத்தி வெறுசா இருக்கே" என்று எழுந்து வந்தார். தட்டிலிருந்து விபூதியை எடுத்து, தினமும் கதவருகே செய்வது போலவே கையைத் தூக்கினார்.

அவன் குனிந்தான்.

பழக்கம். சின்ன வயதிலிருந்து குனிந்த தலை தானாகக் குனிந்தது. அந்த ஒரு நொடி அவன் அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதை உங்களிடம் வந்திருக்காது. ஆனால் குனிந்தவன் எங்களைப் பார்த்துவிட்டான். தூண் ஓரமாக நானும் பாஸ்டரும் நின்றிருந்தோம். பாஸ்டர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார், அவன் மனசாட்சிக்கே விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நான் பார்வையைத் திருப்பவில்லை. விக்னேஷ் நிமிர்ந்து ஓரடி பின்னால் போனான்.

"என்ன தம்பி?"

"வேணாம்மா."

"அப்பாவுக்குடா."

"குடம் தூக்கறேன்மா. அதெல்லாம் பேசியாச்சு. விபூதி மட்டும் வேணாம்."

"யார்கிட்ட பேசியாச்சு?"

அவன் எங்கள் பக்கம் பார்த்தான். அவரும் பார்த்தார். பாஸ்டரை, அந்தப் பிள்ளைகளை, என்னை. ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எப்பலேருந்து?"

"ஒரு வருஷம்மா."

"தினமும் பூசினேனே."

"லிஃப்ட்ல துடைச்சிடுவேன்."

அங்கே அவன் பொய் சொல்லியிருக்கலாம். முந்தின நாள் நாங்கள் அவனுக்கு உண்மையாக இருக்கக் கற்றுக்கொடுத்திருந்தோம்.

அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. விரலில் இருந்த விபூதியைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பெரியவர்தான் பதறிப்போய் நடுவில் வந்தார். "அம்மா, நாங்க எல்லாரும் கலந்து பேசித்தான்மா முடிவு பண்ணியிருக்கோம். தம்பி குடம் தூக்குவாரு. ஒரு குறையும் வராது."

"என் புருஷனுக்கு என் பிள்ளை செய்யறதுக்கு, நீங்கள்லாம் உக்காந்து பேசினீங்களா?" குரல் உயரவே இல்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் பாஸ்டரைப் பார்த்தேன். 

அவர் மகனிடம் திரும்பினார். "உன் சாமிக்கு ஆகாததை நீ செய்ய வேணாம்யா. அந்தப் பாவம் உன் தலையில விழ வேணாம்." பண்டாரத்தின் கையிலிருந்த குடத்தை வாங்கினார். "நான் தூக்கறேன்."

பொம்பளைங்க தூக்குற வழக்கம் இல்லையே அம்மா என்றார் பண்டாரம். சித்தப்பா ஓடிவந்து, "அண்ணி, நான் இருக்கேன்ல, குடுங்க" என்றார். "நீ அவரு தம்பி. நான் கூட வாழ்ந்தவ" என்று சொல்லிவிட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவரைத் தடுக்கும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை. பண்டாரம் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஓட்டை போட்டார். தண்ணீர் பீச்சி அந்தப் பழைய சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்று சுற்றும் தள்ளாடாமல் வந்தார். திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போட்டு உடைத்தார்.

விக்னேஷ் தபால்பெட்டிகள் இருக்கும் சுவரோரம் நின்றிருந்தான். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் போய் நிற்க வேண்டும் என்று கூட எனக்குத் தோன்றவில்லை. அவனுடைய நண்பர்களில் ஒருத்தி போய்த் தோளில் கை வைத்தாள். அவன் தட்டிவிட்டான்.

அம்மா மகனை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நான் பல நாள் நினைத்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு, சண்டை போட்டு, அழுது, ஒரு மாதத்தில் சேர்ந்திருப்பார்கள். அவர் அவனுடைய நம்பிக்கைக்கு மரியாதை கொடுத்தார். நாங்கள் மூன்று பேரும் கூட்டம் போட்டுக் கொடுத்ததைவிட அதிகமாகக் கொடுத்தார். அதிலிருந்துதான் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நம் சகோதரன் சொந்தத் தகப்பனின் சாவிலும் விசுவாசத்தில் உறுதியாக நின்றான் என்று சாட்சி சொன்னாராம். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார். அவன் பாதியில் எழுந்து வந்துவிட்டான், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அவர்கள் அப்படிச் செய்தார்கள் என்று நான் குறை சொல்ல முடியாது. நம் அலுவலகமும் அதே வாரத்தில்தான் இதை நல்ல உதாரணம் என்று அறிக்கையில் எழுதிக்கொண்டது. அப்பனின் சாவு ஒன்று, அதை மாட்டிவைக்கச் சுவர் இரண்டு.

சில மாதம் கழித்து என்னிடம் வந்தான். இளைத்திருந்தான்.

"சர்ச்சுக்குப் போறதில்ல சார். கோயிலுக்கும் போக முடியல. ஜெபம் பண்ணக் கண்ணை மூடினா அம்மா குடத்தோட சுத்தறாங்க."

"உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். நாம் எல்லோரும் கேட்கும் கேள்வி. உங்களுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

அவன் சிரித்தான். கோபமாக இருந்திருந்தால் பரவாயில்லை, ஏதோ என் மேல் இரக்கப்பட்டது போல் சிரித்தான். "அன்னிக்கு நான் யாரையும் கேக்காமப் போயிருந்தா குனிஞ்சிருப்பேன் சார். பூசியிருப்பாங்க. குடம் தூக்கியிருப்பேன். மண்டாய் டாய்லெட்ல போய்த் துடைச்சிருப்பேன். யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காதுலா."

அவன் சொன்னது முழுக்க உண்மை. குழப்பத்திலேயே ஒரு பிள்ளை ஒரு வருடம் அம்மாவையும் ஆண்டவரையும் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தான். நாங்கள் போய் அதைச் சுத்தம் செய்தோம். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். இங்கே பிள்ளையார் நன்றாகவே வந்தார், வீடுதான் போய்விட்டது.

இதற்குப் பாடம் என்ன என்று கேட்பீர்கள். அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும் என்பீர்கள். கேட்டிருந்தால்? முந்தின நாளே அவருக்குத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். சரி, பையனை அவன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பீர்கள். அடுத்து வரும் பிள்ளைக்கு அந்த டிஷ்யூ தாளே நஞ்சாக இருக்கலாம், துடைத்துத் துடைத்தே செத்துப்போகலாம். எந்தப் பிள்ளை எது என்று முகத்தில் எழுதியிருக்காது. பின்னாளில் பாஸ்டர் என்னிடம், "அன்னிக்கு நாம ஏதாவது தப்பாச் சொன்னோமா சார்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அந்த மனுஷர் இன்றும் அதை நினைத்து வருந்துகிறார். பெரியவர் அதற்குப் பிறகு நம் மாணவர்களுக்காக வருவதில்லை.

என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். உதவி கேட்டு வருகிறவன் ஏற்கெனவே எதையோ பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். அது கோணலாக இருக்கும், பார்க்க நமக்குச் சங்கடமாக இருக்கும். நாம் கை கொடுக்கும்போது அவன் அதை விட்டுவிட்டு நம் கையைப் பிடிக்கிறான். நம் வேலை நேரமோ மாலையோடு முடிந்துவிடுகிறது. தெரிந்தும் கை கொடுக்கத்தான் போகிறீர்கள், நானும் கடைசி நாள் வரை கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது. நல்லது நடக்கும் என்று மட்டும் என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள்.

உங்கள் பாடத்துக்குக் கடைசிப் பக்கம் வேண்டுமென்றால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுத அனுமதி கேட்க விக்னேஷின் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். சனிக்கிழமை சாமான் வாங்கத் தேக்காவுக்கு வருவேன், அங்கே பார்க்கலாம் என்றார். மீனும் காய்கறியும் விற்கும் ஈரச் சந்தைக்கு எதிரே பூக்கடைகள் ஓரமாக நின்று பேசினோம். தலை நரைத்திருந்தது. கையில் இருந்த பையில் வெற்றிலை, கொஞ்சம் கதம்பம், ஒரு விபூதிப் பாக்கெட்.

"எழுதுங்க சார். கேட்டீங்களே, அது போதும்" என்றார்.

"தம்பி எப்படிம்மா இருக்கான்?"

"வேலைக்குப் போறான். நல்ல வேலைதான். சர்ச்சையும் விட்டுட்டான். ஒரு நாள் கதவுகிட்ட வந்து, பூசும்மான்னு நின்னான்."

"பூசினீங்களா?"

"எப்படி சார் சும்மா பூசறது? நீங்கள்லாம் படிச்சவங்க, உக்காந்து கேட்டுப் பேசித்தான் செஞ்சீங்க. நான்தான் அத்தனை வருஷமும் அவனைக் கேக்காமலே பூசியிருக்கேன். இப்பல்லாம் கேக்கறேன். உனக்கு நம்பிக்கை இருக்காய்யா, பூசட்டுமான்னு."

அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே எங்களிடமிருந்து கற்றுக்கொண்டது போலத்தான் சொன்னார்.

"கேட்டா என்னம்மா சொல்றான்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டான். இருக்குன்னு பொய் சொல்லவும் அவனால முடியல, இல்லேன்னு சொல்லவும் வாய் வரல. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பான். நானும் விபூதியைக் கையில வச்சுக்கிட்டு நிப்பேன்."

"தினமுமாம்மா?"

"தினமும்தான் சார். அப்புறம் லிஃப்ட் வந்துடும், போயிடுவான்."